பனிமூட்டத்தில் வழி தெரியாத வண்டி: ஃபாக் லைட் தேர்வும் பொருத்தலும், ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சேஸியின் மேல் பாடி உட்கார்ந்த, நான்கு சக்கரமும் இழுக்கும் டீசல் வண்டி. உரிமையாளர் நடுவயதுக்காரர், வேலைக்காக ஒரு மலைத்தடத்தில் வாரம் தவறாமல் போய்வருபவர். பாதி தூரம் தார்ச்சாலை, மீதி கல்லும் சேறும், நடுவில் ஓர் ஓடை. விடிவதற்கு முன் கிளம்பி இருட்டிய பிறகு திரும்புவார். ஆண்டில் பல மாதம் அந்தத் தடத்தில் பனிமூட்டம் இறங்கும். பக்கத்து இருக்கையில் பெரும்பாலும் அவருடைய தம்பி இருப்பார். பின்பக்கம் கருவிப்பெட்டிகள், எரிபொருள் கேன்கள், கயிறு, ஜாக்கி என்று எப்போதும் சுமை உண்டு. இந்தச் சுமை பின்னால் முக்கியமாகப் போகிறது.

கம்பெனி பம்பரைக் கழற்றிவிட்டு, சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச் வைக்கும் இரும்பு பம்பர் ஒன்றை அவர் போட்டிருந்தார். பழைய பம்பரோடு அதில் இருந்த ஃபாக் லைட்டுகளும் போய்விட்டன. அந்தக் குறையை ஈடுகட்ட, பம்பருக்கு மேல் உள்ள குழாய்க் கம்பியில் இரண்டு வட்ட ஹாலஜன் விளக்குகளை மாட்டினார். வெளிச்சம் போதவில்லை என்று அவற்றில் இருந்த 55 வாட் எச்3 பல்புகளை எடுத்துவிட்டு 100 வாட் பல்பு போட்டார். அதுவும் போதாமல் கூரை மேல் ஒரு எல்இடி லைட் பாரும் ஏறியது.

இவ்வளவுக்குப் பிறகும் பனியில் ஒன்றும் தெரியவில்லை. எல்லா விளக்கையும் போட்டால் கண்ணாடிக்கு முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பி நிற்கிறது, எல்லாவற்றையும் அணைத்து வெறும் டிம்மில் போனால்தான் கொஞ்சமாவது வழி தெரிகிறது என்றார். எதிரில் வருபவர்கள் பிரைட் அடித்துத் திட்டுகிறார்கள். டாஷ்போர்டில் உள்ள சுவிட்ச் தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது. இதைவிடப் பெரிய லைட் பார், மஞ்சள் நிறத்தில் வாங்கிப் பொருத்தித் தர வேண்டும் என்பதுதான் எங்களிடம் அவர் வைத்த கோரிக்கை. ஒயரிங் வேலை செய்யும் இளைஞர் ஒருவரும் நானும் இந்த வேலையைப் பார்த்தோம்.

முதல் ஆய்வில் கண்டது

இருட்டிய பிறகு வண்டியைச் சமதளத்தில், வெள்ளையடித்த சுவருக்கு எதிரில் 10 மீட்டர் தள்ளி நிறுத்தினோம். டிம் லைட்டைப் போட்டதும் மேல்விளிம்பு கோடு கிழித்தாற்போல் தெரிந்தது: கீழே வெளிச்சம், மேலே இருட்டு. குழாய்க் கம்பி விளக்குகளைப் போட்டபோது அந்தக் கோடு காணாமல் போய், சுவர் முழுக்க வட்டமாக வெளிச்சம் பரவியது. பாதி வெளிச்சம் விளக்கின் மட்டத்துக்கு மேலேதான் போனது. பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் அவை ஃபாக் லைட் அல்ல. தூரத்துக்கு அடிக்கும் டிரைவிங் லைட். கூரை லைட் பாரைப் போட்டதும் சுவரோடு சேர்ந்து வண்டியின் பானெட்டும் பளபளத்தது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால் அந்தப் பளபளப்பே கண்ணைக் கூசவைத்தது.

அடுத்து மல்டிமீட்டர். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.9 வோல்ட். அதே நேரம் எரியும் விளக்கின் முனையில் 11.3 வோல்ட்தான் இருந்தது. 2.6 வோல்ட் வழியிலேயே காணாமல் போகிறது. சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ரிலே கிடையாது. இரண்டு 100 வாட் பல்புக்கும் வேண்டிய 16 ஆம்பியர் கரண்ட் மொத்தமும் 0.75 சதுர மி.மீ. ஒயர் ஒன்றின் வழியாக டாஷ்போர்டுக்குப் போய், சுவிட்சைக் கடந்து, திரும்ப முன்னால் வருகிறது. அந்த ஒயருக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 23 மில்லியோம் தடை. மொத்தம் ஐந்து மீட்டர் போய்வந்தால் அதிலேயே 1.8 வோல்ட் கரைந்துவிடும். மிச்சத்தைச் சுவிட்சும், கரண்ட் வண்டியின் இரும்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் இணைப்பும் தின்றன.

எர்த் இணைப்பைக் கழற்றியபோது காரணம் கண்ணெதிரே இருந்தது. ஒயர் நுனியில் இருந்த வளையத்தை, பவுடர் கோட்டிங் அடித்த பம்பரின் மேலேயே வைத்து போல்ட் முறுக்கியிருந்தார்கள். வளையம் அழுந்திய இடத்தில் கறுப்புப் பெயிண்ட் அப்படியே இருந்தது. போல்ட்டின் மரைகள் மட்டுமே இரும்பைத் தொட்டு, அதைச் சுற்றித் துருவும் பிடித்திருந்தது. கரண்ட் போவதற்கு இருந்த வழி அந்தத் துருப்பிடித்த மரைகள் மட்டும்தான்.

ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்டேஜோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை. ஏறத்தாழ அதன் 3.4 மடிப்படியில் விழும். 13.9 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 11.3 வந்தால், கிடைக்க வேண்டியதில் பாதிதான் கிடைக்கும். வாட்டைக் கூட்டக் கூட்டக் கரண்ட் கூடும், கரண்ட் கூடினால் ஒயரில் இழப்பும் கூடும். 55 வாட்டுக்குச் செய்த கூட்டில் 100 வாட்டின் சூடு ஏறியதால் ஒரு விளக்கின் ரிஃப்ளெக்டரில் வெள்ளிப்பூச்சு பழுத்து உரிய ஆரம்பித்திருந்தது. இந்த நிலையில் ஓடிய ஒயரிங்கில் பேட்டரிப் பக்கம் ஃபியூஸும் இல்லை. தீப்பிடிக்காமல் இருந்தது நல்லகாலம்.

வெளிச்சம் கூடக் கூடப் பார்வை ஏன் குறைந்தது

உரிமையாளரோடு இதை உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. “இத்தனை வாட் போட்டும் ஏங்க தெரியல?” என்ற அவருடைய கேள்வி நியாயமானதுதான்.

பனிமூட்டம் என்பது காற்றில் மிதக்கும் நீர்த்துளிகள். விளக்கு பாய்ச்சும் ஒளியில் ஒரு பங்கை ஒவ்வொரு துளியும் வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். விளக்கு கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் அந்தத் திரும்பும் ஒளி கண்ணுக்கே வரும். இந்த வண்டியில் ஓட்டுநரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கூரை விளக்கு அதற்குச் சற்று மேலே, குழாய்க் கம்பி விளக்கு சற்றுக் கீழே. இரண்டும் அவர் பார்க்கும் பாதையில் உள்ள பனியையே வெளிச்சம் போட்டுக் காட்டுகின்றன. அந்த ஒளிரும் பனிக்குப் பின்னால் சாலை இருக்கிறது, ஆனால் கண்ணுக்கு எட்டாது.

ஃபாக் லைட் செய்வது வேறு வேலை. தாழ்வான இடத்திலிருந்து அகலமாக, தட்டையாக, மேலே கூர்மையாக வெட்டிய ஒளியைத் தரையை ஒட்டி விரிக்கும். ஒளிரும் பனி பார்வைக்கோட்டுக்குக் கீழே தங்கிவிடும். ஓட்டுநர் அதன் மேலாகப் பார்த்து, சாலையின் ஓரத்தையும் கோட்டையும் பள்ளத்தின் விளிம்பையும் பிடித்துக்கொண்டு போகலாம். தூரம் தெரியவைப்பது அதன் வேலையே இல்லை. இதை உரிமையாளர் ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. தம்பிக்கு உடனே புரிந்தது, ஏனென்றால் பனியில் ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டி, சாலை ஓரத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வருபவர் அவர்தான்.

விளக்குக்கு முன் இடம்

பெரும்பாலானவர்கள் முதலில் விளக்கை வாங்கிவிட்டு, பிறகு எங்கே மாட்டலாம் என்று தேடுகிறார்கள். இந்த வண்டியில் நடந்ததும் அதுதான். நாங்கள் தலைகீழாகத் தொடங்கினோம்: முதலில் இடம், அதற்குப் பொருந்தும் விளக்கு அப்புறம்.

ஐ.நா. ஒழுங்குவிதி 48-இன்படி பயணியர் வண்டியில் முன் ஃபாக் லைட் தரையிலிருந்து குறைந்தது 250 மி.மீ., அதிகபட்சம் 800 மி.மீ. உயரத்துக்குள் இருக்க வேண்டும். டிம் விளக்கை விட உயரமாக இருக்கக் கூடாது. வண்டியின் வெளி ஓரத்திலிருந்து 400 மி.மீ.-க்கு மேல் உள்ளே தள்ளியும் இருக்கக் கூடாது. எல்லா நாட்டுச் சட்டமும் இதே அளவைச் சொல்வதில்லை; அவரவர் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் இந்த எண்களுக்குப் பின்னால் உள்ள கணக்கு எங்கும் ஒன்றுதான்: தாழ்வாக, அகலமாக.

ஆஃப்-ரோடு வண்டியில் ‘தாழ்வாக’ என்பதுதான் சிக்கல். பம்பருக்கு அடியில் தொங்கவிட்டால் 45 செ.மீ. உயரம் கிடைக்கும், பனிக்கு அருமையான இடம். ஆனால் மேடேறும்போது முதலில் கல்லில் இடிபடுவது அந்த விளக்காகத்தான் இருக்கும். முன்பக்கம் முட்டாமல் ஏறக்கூடிய சரிவின் அளவான அணுகுகோணமும் குறையும். உரிமையாளர் இரும்பு பம்பர் போட்டதே அந்தக் கோணத்துக்காக. பம்பரின் மேல்தட்டு பாதுகாப்பானது, ஆனால் அது டிம் விளக்கின் மட்டத்துக்கே போய்விடுகிறது.

பம்பரின் இரண்டு பக்க இறக்கைகளிலும் காற்று போக ஒரு நீள்சதுரத் துளை விட்டிருந்தார்கள். அதன் நடுமட்டம் தரையிலிருந்து 64 செ.மீ. அதற்குள் விளக்கை வைத்தால் இரும்பே கவசமாகும். இடது துளைக்குப் பின்னால் ஹாரன் இருந்தது. அதை வேறிடத்துக்கு நகர்த்தினோம். வலது பக்கம் காற்றுக்குளிர்விப்பானுக்குப் போகும் குழாயிலிருந்து இரண்டு விரல் இடைவெளி மிச்சம் வைத்தோம்.

எவ்வளவு உள்ளே தள்ளி வைப்பது என்பதில் இளைஞர் நல்ல யோசனை ஒன்று சொன்னார். விளக்கை வாங்குமுன்னரே, அதே அளவு துளை வெட்டிய அட்டையை இன்னொரு வண்டியின் ஃபாக் லைட்டுக்கு முன்னால் பிடித்து, முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தோம். அட்டை விளக்கிலிருந்து ஐந்து செ.மீ. விலகியதும் சுவரில் ஒளியின் இரண்டு ஓரமும் கத்தரித்ததுபோல் குறைந்துவிட்டன. சாலை ஓரத்தைக் காட்ட வேண்டிய ஒளி அதுதான். பம்பர் முகத்திலிருந்து இரண்டு செ.மீ. மட்டும் உள்ளே என்று முடிவானது. கல் படாத அளவு ஆழம், ஒளி மறையாத அளவு மேலோட்டம்.

விளக்கைத் தேர்ந்தெடுத்தது

ஹாலஜனா எல்இடியா என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. நல்ல ரிஃப்ளெக்டர் உள்ள 55 வாட் ஹாலஜன் ஃபாக் லைட், முழு வோல்டேஜ் கிடைத்தால், பனியில் மிக நன்றாகவே வேலை செய்யும். எங்கு போனாலும் பல்பு கிடைக்கும். ஆனால் இந்தத் தடத்தில் இரண்டு தடைகள்: கல்பாதைக் குலுக்கலில் இழை அறுந்துவிடும், சூடான கண்ணாடி ஓடைத் தண்ணீரில் முங்கினால் விரிசல் விடலாம். எல்இடியில் இழையே கிடையாது, கரண்டும் குறைவு. எல்இடி முகக்கண்ணாடி அவ்வளவு சூடாகாததால் பனிக்கட்டி படிந்தால் தானாக உருகாது என்ற குறை உண்டு. இவர் போகும் தடத்தில் பனிக்கட்டி விழுவதில்லை. எல்இடி என்று முடிவு செய்தோம்.

பழைய ஹாலஜன் கூட்டிலேயே எல்இடி பல்பைச் செருகிவிடலாமே என்று தம்பி கேட்டார். வேண்டாம் என்றோம். ரிஃப்ளெக்டரின் வளைவு, இழை இருக்கும் அந்த ஒரு புள்ளியை வைத்து வரையப்பட்டது. ஒளி வேறு இடத்திலிருந்து, வேறு வடிவத்தில் வந்தால், வெளிச்சத்தின் மேல்விளிம்பில் விழும் வெட்டுக்கோடு சிதறிவிடும். போதாததற்கு, அந்தக் கூட்டுக்கு வெட்டுக்கோடே கிடையாது.

வாங்கும்போது வாட்டையும், வெளிச்சத்தின் அளவான லூமெனையும் நாங்கள் கடைசியாகத்தான் பார்த்தோம். முதலில் பார்த்தது கண்ணாடியில் அச்சான குறியீடு. ஐ.நா. ஒழுங்குவிதி 19-இன்படி சோதித்த முன் ஃபாக் லைட்டில் ‘பி’ அல்லது ‘எஃப்3’ என்ற எழுத்து இருக்கும். அமெரிக்க முறையில் எஸ்ஏஇ ஜே583 தரநிலை. இந்தக் குறியீடு இருந்தால் மேல்வெட்டுக்கோடு உள்ள விளக்கு என்று நம்பலாம். அதன் பிறகும், இருட்டான இடத்தில் பேட்டரியில் மாட்டிச் சுவரில் அடித்துப் பார்த்தோம். ‘ஃபாக்’ என்று பெரிதாக எழுதிய ஒன்று சுவரில் வட்டப் பொட்டு போட்டது. இன்னொன்று வெறும் பரவல் விளக்கு, முன்னால் மஞ்சள் மூடி. மூன்றாவதைப் போட்டதும் சுவரில் கோடு விழுந்தது. அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு உரிமையாளர் பெரிய லைட் பார் பற்றிப் பேசவில்லை. ஒரு விளக்கு 20 வாட். முன்பிருந்ததில் ஐந்தில் ஒரு பங்கு.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்ற நம்பிக்கை பலமாக வேரூன்றியது. வானம் நீலமாகத் தெரிவதற்குக் காரணமான ஒளிச்சிதறல், ஒளியின் அலைநீளத்தை விட மிகச் சிறிய துகள்களில் நடப்பது. பனித்துளிகளோ பல மைக்ரோமீட்டர் அளவு. ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர். இவ்வளவு பெரிய துளி எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரேபோலத்தான் சிதறடிக்கும். அதனால்தான் பனிமூட்டம் வெள்ளையாகத் தெரிகிறது. ஆனால் நீல ஒளி கண்ணை அதிகம் கூசவைக்கிறது என்று ஓட்டுநர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. நீலத்தை நீக்கிய மஞ்சள் கண்ணுக்கு இதமாக இருக்கும். பிரான்சில் 1993 வரை முன் விளக்கு மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே இருந்தது. ஒழுங்குவிதி 19 வெள்ளை, மஞ்சள் இரண்டையும் அனுமதிக்கிறது. உரிமையாளர் விரும்பியது மஞ்சள். நாங்கள் தேர்ந்த விளக்கு அந்த நிறத்திலும் கிடைத்தது. நிறம் அவருடைய விருப்பம், வெட்டுக்கோடு எங்கள் நிபந்தனை. அப்படியே வாங்கினோம்.

ஒயரிங்கும் பொருத்தலும்

பழைய ஒயர் முழுவதையும் உருவி எறிந்தோம். இரண்டு 20 வாட் விளக்குக்கும் சேர்த்து 3 ஆம்பியர்தான் போகும், 1.5 சதுர மி.மீ. செப்பு ஒயர் போட்டதால் மூன்று மீட்டரில் 0.1 வோல்ட் அளவுக்குத்தான் இழப்பு. பேட்டரியை ஒட்டியே 7.5 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை, விளக்கை அல்ல; அதனால் அது பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

3 ஆம்பியருக்கு ரிலே அவசியமில்லைதான். இருந்தாலும் வைத்தோம். ரிலேயின் 30-ஆம் முனைக்கு ஃபியூஸ் வழியாகப் பேட்டரி, 87-இலிருந்து விளக்கு, 85 எர்த்துக்கு, 86-க்கு டாஷ்போர்டு சுவிட்ச். அந்தச் சுவிட்சுக்குக் கரண்டை பார்க்கிங் லைட்டிலிருந்து எடுத்தோம். பார்க்கிங் லைட் எரிந்தால்தான் ஃபாக் லைட் எரியும். வண்டியை நிறுத்தி விளக்கை அணைத்தால் இதுவும் அணையும். அடர்ந்த பனியில் ஊர்ந்து போகும்போது ஹெட்லைட் இல்லாமல் ஃபாக் லைட்டை மட்டும் போட்டுப் பார்க்கவும் இது வழிவிடுகிறது. ரிலேயை முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டினோம், தண்ணீர் தேங்காது.

இணைப்புகளை ஈயம் வைத்துப் பற்றவைக்காமல், உலோக முனையை ஒயரோடு நசுக்கிப் பிடிக்கும் கிரிம்ப் அடித்தோம். பற்றவைத்தால் ஈயம் ஒயருக்குள் ஏறி விறைத்துவிடும். அந்த விறைப்பு முடியும் இடத்தில், குலுக்கலில் இழைகள் ஒவ்வொன்றாக அறும். கிரிம்ப் மேல் பசை உள்ள சுருங்கு குழாய், அதற்கும் மேல் நெளிகுழாய். எர்த்தைப் பம்பரில் தராமல், பேட்டரி நெகட்டிவ் வந்து சேரும் சேஸி போல்ட்டுக்கே கொண்டுபோனோம். அங்கே பெயிண்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு வளையத்தை முறுக்கி, மேலே கிரீஸ் தடவினோம்.

வேலை முடிந்து அளந்தபோது பேட்டரியில் 13.9, விளக்கில் 13.7 வோல்ட்.

அளவு வைத்தது

விளக்கின் மையம் 64 செ.மீ. சமதளம், டயரில் சரியான காற்று, ஓட்டுநர் இருக்கையில் ஆள், சுவர் 10 மீட்டரில். 2 சதவீதச் சாய்வு என்றால் 10 மீட்டரில் 20 செ.மீ. இறக்கம். சுவரில் 44 செ.மீ. உயரத்தில் டேப் ஒட்டி, இரண்டு விளக்கின் வெட்டுக்கோட்டையும் அதில் உட்காரவைத்தோம். இந்தச் சாய்வில் வெட்டுக்கோடு தரையைத் தொடுவது 32 மீட்டரில்.

இந்த 32 மீட்டரை உரிமையாளருக்கு வேகமாக மாற்றிச் சொன்னோம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 11 மீட்டர் போகும். ஆபத்தைக் கண்டு பிரேக் மிதிக்க ஒன்றரை நொடி என்றால் அதற்குள் 17 மீட்டர். ஈரச் சாலையில் நிற்க இன்னொரு 15 மீட்டர். ஆக, வெட்டுக்கோடு எட்டும் மொத்தத் தூரமும் செலவாகிவிடும். பனி அடர்ந்து 20 மீட்டர்தான் தெரிகிறது என்றால் 30 கி.மீ. வேகம்கூட அதிகம். விளக்கு நன்றாக அமைந்துவிட்டது என்று வேகத்தைக் கூட்டுபவர்கள் உண்டு. அதனால் இந்தக் கணக்கை வாயால் சொன்னதோடு விடாமல், தாளில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டிக் கொடுத்தோம்.

அதன் பிறகு நடந்தது

முதல் பனிப்பயணத்திலேயே மாற்றம் தெரிந்தது. டிம்மும் ஃபாக் லைட்டும் சேர்ந்து எரியும்போது சாலையின் இரண்டு ஓரமும் கட்டுக்குள் வந்தன. தம்பி தலையை வெளியே நீட்ட வேண்டியிருக்கவில்லை. அடர்த்தி கூடிய இடங்களில் டிம்மை அணைத்துவிட்டு ஃபாக் லைட்டில் மட்டும் ஊர்ந்தபோது இன்னும் தெளிவாக இருந்தது என்று சொன்னார்கள்.

கல்பாதையில் வேறொரு குறை வெளிவந்தது. விளக்கோடு வந்த 3 மி.மீ. பிராக்கெட் ஒரே காலில் நின்றது. அலையலையான தடத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது வெளிச்சம் தரையில் நடுங்கியது. நடுங்கும் வெட்டுக்கோட்டை வெகுநேரம் பார்த்தால் கண் சோர்ந்துவிடும். 5 மி.மீ. தகட்டில் இரண்டாவது காலும் வைத்துப் புதிய பிராக்கெட் செய்தோம். நைலான் பூட்டு நட்டு போட்டு முறுக்கியதும் நடுக்கம் நின்றது.

சுமையோடு போன இரவில் எதிரில் வந்தவர் மறுபடி பிரைட் அடித்தார். பனியும் முன்பைவிட வெளுத்துத் தெரிந்தது. திரும்பி வந்ததும் சுமையை இறக்காமலே அதே சுவருக்கு முன் நிறுத்திப் பார்த்தோம். பின்பக்கம் ஐந்து செ.மீ. இறங்கியிருந்தது. இரண்டு அச்சுக்கும் இடைத்தூரம் 2.7 மீட்டர். ஐந்தை 270-ஆல் வகுத்தால் 1.85 சதவீதம். நாங்கள் வைத்த 2 சதவீதச் சாய்வை அந்தச் சுமையே விழுங்கி, வெட்டுக்கோட்டைக் கிட்டத்தட்டப் படுக்கையாக நிமிர்த்திவிட்டது. சுமை ஏறினால் விளக்கு தூக்கும் என்பது எல்லோரும் அறிந்தது. ஆனால் ஐந்து செ.மீ. இறக்கம் மொத்தச் சாய்வையும் சாப்பிட்டுவிடும் என்பது சுவரில் பார்த்தபோதுதான் உறைத்தது.

அப்புறம், அவர் வழக்கமாக ஏற்றும் சுமையோடு வைத்து 1.5 சதவீதத்துக்கு அளவு எடுத்தோம். சுமை இல்லாதபோது இது 3.3 சதவீதத்துக்கும் கீழே இறங்கி, வெட்டுக்கோடு 19 மீட்டரிலேயே தரையைத் தொடும். பனியில் போகும் வேகத்துக்கு அதுவும் போதும்; எதிரில் வருபவர் கண்ணைக் குத்துவதைவிட இது மேல். காலி வண்டிக்கு வேறு அளவு வேண்டுமென்றால் மாற்றிக்கொள்ள, பிராக்கெட்டின் பக்கத்தில் பெயிண்டால் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தோம்.

ஓடையைக் கடந்த பிறகு இடது விளக்கில் உள்பக்கம் ஆவி படிந்தது. கூட்டில் ஐபி67 என்று போட்டிருந்தது. அது ஒரு மீட்டர் ஆழ அசையாத நீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதற்கான சோதனை. சூடாக எரிந்துகொண்டிருக்கும் விளக்கு குளிர்ந்த நீரில் இறங்குவதற்கான சோதனை அல்ல. சூடான காற்று சட்டென்று சுருங்கும்போது விளக்கு வெளியிலிருந்து உறிஞ்சப் பார்க்கும். பின்னால் உள்ள சிறிய சுவாசத் துளை காற்றை விட்டு நீரைத் தடுக்க வேண்டும். அது சேறு அடைத்துக் கிடந்தது. சுத்தம் செய்து, விளக்கைச் சிறிது நேரம் எரியவிட்டதும் ஆவி போனது. ஓடைக்குச் சில நிமிடம் முன்பே அணைத்துவிடச் சொல்லியிருக்கிறோம்.

இன்னொன்று, விளக்கைப் போட்டதும் வண்டியில் உள்ள ரேடியோவில் இரைச்சல் கேட்டது. எல்இடிக்குள் இருக்கும் மின்சுற்று எழுப்பும் இரைச்சல் அது. விளக்கு ஒயரில் ஃபெரைட் வளையம் கவ்வவிட்டு, ஆன்டெனா ஒயரை அதிலிருந்து விலக்கிக் கட்டியதும் பேச்சு தெளிவாகக் கேட்கும் அளவுக்குக் குறைந்தது, முழுவதும் போகவில்லை.

கூரை லைட் பாரைக் கழற்ற உரிமையாளருக்கு மனமில்லை. பனியில்லாத இரவில், ஆளில்லாத தடத்தில் அது உதவும் என்பதும் உண்மை. தனி ஃபியூஸும் தனி ரிலேயும் கொடுத்து, பிரைட் போட்டால் மட்டும் எரியும்படி இணைத்தோம். டிம்முக்கு மாறினாலே அணைந்துவிடும். குழாய்க் கம்பி விளக்குகள் இப்போது வண்டியில் இல்லை.

ஒரு நாள் பனி பத்து மீட்டர்கூடக் காட்டவில்லை. சகோதரர்கள் வண்டியைத் தடத்தை விட்டு நன்றாக விலக்கி நிறுத்திக் காத்திருந்தார்கள். விளக்கு சரியாக இருந்தும் அவர்கள் அப்படிச் செய்தது எங்களுக்கு மிகவும் நிம்மதி.

மறுபடி செய்தால் மாற்றுவது

சுவர்ச் சோதனையை முதல் நாளே இரண்டு முறை செய்வோம், காலியாக ஒரு தடவை, முழுச் சுமையோடு ஒரு தடவை. பின்பக்க இறக்கத்தைச் சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து, அச்சு இடைத்தூரத்தால் வகுத்தால், சுவருக்குப் போவதற்கு முன்பே எவ்வளவு தூக்கும் என்று தெரிந்துவிடும்.

விளக்கோடு வரும் பிராக்கெட்டைத் தார்ச்சாலை வண்டிக்கு மட்டும் பயன்படுத்துவோம். ஃபெரைட் வளையத்தை ரேடியோ இருக்கும் வண்டியில் தொடக்கத்திலேயே போட்டுவிடுவோம். நெளிகுழாய் மூடிய பிறகு பிரிப்பது வீண் வேலை.

பின்பக்கத்தையும் அதே நேரத்தில் கவனிப்போம். முன்னால் வழி தெரிகிறது என்றதும் பின்னால் வருபவரை மறந்துவிடுகிறோம். இந்த வண்டிக்குப் பின் ஃபாக் லைட் பிறகுதான் வந்தது: ஒரே ஒரு சிவப்பு விளக்கு, தனிச் சுவிட்ச், எரிகிறது என்று காட்ட டாஷ்போர்டில் ஒரு சின்ன விளக்கு. பனி விலகியதும் அதை அணைக்காவிட்டால் பின்னால் வருபவர் பிரேக் லைட்டைப் பிரித்தறிய முடியாது.

உரிமையாளர் இப்போது பின் ஸ்பிரிங்கைக் கனமானதாக மாற்றும் யோசனையில் இருக்கிறார். மாற்றினால் வண்டியின் பின்பக்கம் உயரும், சுமையில் இறங்குவதும் குறையும். பிராக்கெட்டில் போட்ட இரண்டு கோடும் அன்றைக்குச் செல்லாது. அழித்துவிட்டுப் புதிதாக அளவெடுத்துத்தான் போட வேண்டும்.